சூரன் பெற்ற பேறு



கந்தர் சஷ்டிப் பெருவிழாவின் ஐந்தாம் நாளாகிய இன்று மாலை, முருகப்பெருமான் திருவருளை முன்னிட்டு நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் சூரபன்மன். பெருமானுடைய திருவிழாவில், அவன் திருமுன்னே நின்றுகொண்டு, அவனோடு பகைத்தவன் பெயரைத் தலைப்பாக வைத்துப் பேசுவது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். நேற்றுச் சொற்பொழிவு முடிந்து நாம் இறங்கியபோது வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கேட்ட கேள்வியே இதற்குக் காரணம். ஐந்து நாளாகப் பாலும் பழமுமாக விரதம் காத்து வரும் அம்மையார் அவர். "சுவாமி, சூரனும் சிவபெருமானை நோக்கித் தவம் செய்தவன்தானே? நாம் செய்யாத தவத்தையெல்லாம் செய்தவன்தானே? அவனுக்கே இந்தக் கதியென்றால், நாலு நாள் பட்டினி கிடக்கிற எங்களுக்கு என்ன கதி?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டோம். உண்மையைச் சொன்னால், இரவெல்லாம் அந்தக் கேள்வியே நம்முடைய நெஞ்சில் நின்றது. கேள்வி எளியதன்று. சூரனை வெறும் கொடியவன் என்று சொல்லிவிட்டால் நமக்கும் அவனுக்கும் தொடர்பில்லாமற் போய்விடும். நாளை மாலை நடைபெறும் சூரசம்ஹாரமும் வாணவேடிக்கை போல ஒரு காட்சியாக முடிந்துவிடும். அம்மையார் அவ்வளவு எளிதாக நம்மை விடவில்லை.

ஆகவே சூரன் செய்த தவத்திலிருந்தே தொடங்குவோம்.

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் அருச்சனை செய்துவந்த கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் உடையது. அதன் இரண்டாவது காண்டத்துக்கு ஆசிரியர் இட்ட பெயர் அசுர காண்டம் என்பதாகும். பகைவனுடைய பிறப்பையும் வளர்ப்பையும் தவத்தையும் வாழ்வையும் சொல்லுவதற்கென்று ஒரு முழுக் காண்டத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். முருகனை நாள்தோறும் தம் கையால் தொட்டுப் பூசித்தவர், சூரனைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டுமென்று கருதினாரே, அதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

அசுரர் குலத்திலே பிறந்த சுரசை என்பாள், குலகுருவாகிய சுக்கிரனிடம் மாயக் கலைகளைக் கற்று மாயை என்று பெயர் பெற்றாள். வடதிசையில் தவம் செய்துகொண்டிருந்த காசிப முனிவரை அவள் தன் அழகினால் மயக்கினாள். ஓர் இரவின் நான்கு யாமங்களிலும் அவள் நான்கு வடிவம் கொண்டாள். முனிவரும் அவ்வவ் வடிவமே கொண்டார். முதல் யாமத்தில் சூரபன்மன் பிறந்தான். அடுத்து ஆயிரம் முகமுடைய சிங்கமுகன். அடுத்து யானைமுகம் கொண்ட தாரகன். நான்காம் யாமத்தில் ஆட்டு முகத்தோடு அசமுகி என்னும் பெண். இரவு கழிந்தபோது அவர்களைச் சூழ அசுர வெள்ளமே பெருகி நின்றது.

இந்த இடத்திலே புராணம் ஒன்றைச் சொல்லுகிறது. பலர் இதைக் கவனியாமலே கடந்து போகிறார்கள். காசிபர் தம் மக்களை அழைத்து உபதேசம் செய்கிறார். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையும் சொல்லுகிறார். அறத்தின் பயனைச் சொல்லுகிறார். காலனையே வென்ற மார்க்கண்டேயர் வரலாற்றைச் சொல்லுகிறார். சிவனை நோக்கித் தவம் செய்யுங்கள் என்கிறார். அவர் முடித்தபின் தாய் பேசுகிறாள். முனிவர் சொன்னதெல்லாம் துறவிகளுக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது செல்வமும் வலிமையும். அவற்றைப் பெறுவதற்கு வேள்வி செய்யுங்கள் என்கிறாள்.

தந்தை காட்டியதும் சிவன். தாய் காட்டியதும் சிவன். போகும் இடம் ஒன்றுதான். கேட்கப் போகும் பொருள் வேறு. பிள்ளைகள் தாய் சொல்லைக் கேட்டார்கள்.

இனி அந்த வேள்வி. நடுவிலே பெரிய குண்டம். அதைச் சூழ அடுக்கடுக்காகப் பல குண்டங்கள். நடுக்குண்டத்தில் வச்சிரத் தூண் ஒன்றை நாட்டிச் சூரன் வேட்கத் தொடங்கினான். தம்பியர் இருவரும் சூழ்ந்த குண்டங்களில் வேட்டார்கள். பதினாயிரம் ஆண்டு கழிந்தது. பெருமான் வெளிப்படவில்லை. நம்மில் ஒருவர் நாற்பத்தெட்டு நாள் ஒரு வேண்டுதலோடு கோயிலைச் சுற்றிவிட்டு, நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் ஆகவில்லையென்றால் வேறு கோயிலைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். சூரன் வேறிடம் தேடவில்லை. ஆகாயத்தில் எழுந்து நின்று, தன் உடம்பின் தசையை வாளால் அரிந்து அரிந்து தீயில் இட்டான். அரிய அரியத் தசை வளர்ந்தது. அதற்கும் பெருமான் வரவில்லை. முடிவிலே, "இனி இந்த உடம்பு எதற்கு?" என்று எண்ணி, வானத்தின் மேலே சென்று, குண்டத்தின் நடுவே நின்ற வச்சிரத் தூணின் கூர்நுனியில் பாய்ந்து விழுந்தான். உடல் ஊடுருவப்பட்டுத் தீயில் வீழ்ந்து சாம்பலாயிற்று.

தமையன் மாண்டதைக் கண்ட சிங்கமுகன் கதறி அழுதான். தன் தலைகளை ஒவ்வொன்றாகக் கொய்து தீயில் எறிந்தான். தானும் பாயப்போகும் நேரத்தில் ஒரு கிழ அந்தணர் அங்கே வந்து, "ஏனப்பா அழுகிறீர்கள்?" என்று கேட்டார். வந்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கங்கையை வரவழைத்துக் குண்டத்தில் பாயச் செய்தார். அந்தக் குளிர்ந்த நீரிலிருந்து சூரன் உயிரோடு எழுந்தான்.

எழுந்தவன் முன்னே அந்தணர் வடிவம் மாறிப் பெருமான் உமையம்மையாரோடு விடைமேல் காட்சி கொடுத்து நின்றார். அன்பர்களே, இந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். காணுதற்கு அரியவன் கண்ணெதிரே நிற்கிறான். "யாது வேண்டும்?" என்று அவனே கேட்கிறான். ஆயிரத்தெட்டு அண்டங்களையும் ஆளும் அரசு வேண்டும் என்றான் சூரன். அவற்றுக்கெல்லாம் போய்வர ஊர்தி வேண்டும், வச்சிரம் போன்ற உடல் வேண்டும், அழியாதிருக்கும் வரம் வேண்டும் என்று அடுக்கினான். பெருமான் நூற்றெட்டு யுகம் வாழ்வைத் தந்தார், இந்திரஞாலத் தேரைத் தந்தார், படைகளைத் தந்தார். தந்துவிட்டு, தம்முடைய சத்தியொன்றினால் அன்றி வேறெதனாலும் அவனை வெல்ல இயலாது என்றும் சொன்னார்.

அம்மையாருடைய கேள்விக்கு விடையின் ஒரு பாதி இங்கேயே இருக்கிறது. சூரன் தன் தசையைத் தந்தான், உயிரைத் தந்தான். "நான்" என்பதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டான். உயிரைக் கொடுத்தவன் அதைக் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். உயிரைக் கொடுத்ததே அந்த நானை வளர்த்துக்கொள்வதற்குத்தான். பத்து ரூபாயைப் போட்டு நூறு ரூபாயை எடுக்கிற வாணிகம் போன்றது அது. பெருமானும் அவன் கேட்டதைக் குறைவின்றிக் கொடுத்தார். கேட்டவன் தன் தவத்துக்குரிய கூலியைப் பெற்றான். ஆனால் பெருமான் கொடுத்த வரத்திலே அவன் கேளாத ஒன்றும் கலந்திருந்தது. "என் சத்தியொன்றே உன்னை வெல்லும்" என்ற சொல்லைச் சூரன் காவல் என்று நினைத்தான். அது உறுதிமொழி என்று நாம் கொள்ளுகிறோம். வேறு யாரும் உன்னைத் தொடமாட்டார்கள். நான்தான் வருவேன் என்கிற உறுதிமொழி. அதைக் கேட்டுச் சூரன் மகிழ்ந்தானே தவிர, அதன் பொருளை எண்ணிப் பார்த்ததாகப் புராணம் சொல்லவில்லை.

வரம் பெற்றுத் திரும்பியவனுக்குச் சுக்கிரன் உபதேசம் செய்தான். பிரமமும் நீயும் ஒன்றே, பாவம் என்றும் புண்ணியம் என்றும் ஒன்றுமில்லை, அஞ்சாமல் வேண்டியதைச் செய் என்பது அந்த உபதேசத்தின் சாரம். தந்தை சொன்ன முப்பொருளுக்கு முற்றும் மாறானது இது. தவம் செய்து களைத்து வந்தவனுடைய காதில் முதலில் விழுந்த சொல் இது என்பதை நினைக்கும்போது நமக்கு இரக்கமே உண்டாகிறது. விரதம் முடித்த மறுநாள் நம்மைச் சூழ்ந்து நின்று புகழ்பவர்களும் இப்படிப்பட்டவர்களே.

அதன்பின் நடந்ததை விரிக்க வேண்டியதில்லை. குபேரன் பணிந்தான், திக்குப் பாலகர் அடங்கினர், இந்திரன் பொன்னுலகை இழந்தான். இலங்கைக்கும் அப்பால் தென்கடலின் நடுவே வீரமகேந்திரபுரி எழுந்தது. தெய்வத் தச்சன் மகளாகிய பதுமகோமளை அரசியானாள். மூத்த மகன் தொட்டிலிற் கிடந்தபோதே, தன்மேல் வெயில் பட்டதென்று சினந்து சூரியனைப் பிடித்துக் கட்டினான். அதனால் பானுகோபன் என்று பெயர். தேவர்கள் மீன் சுமந்தார்கள். இந்திரன் மூங்கில் வடிவாகச் சீகாழியில் ஒளிந்திருந்து சிவபூசை செய்தான். சோழநாட்டில் மழையில்லாமல் அவன் பூசைக்குரிய நந்தவனம் வாடியபோது, விநாயகப்பெருமான் காக வடிவாய் அகத்தியர் கமண்டலத்தைக் கவிழ்த்துக் காவிரியைப் பெருகச் செய்த வரலாறும் இத்தொடர்பிலேதான் வருகிறது. சூரன் கொடுமையால் தேவர்கள் அழுதார்கள். நமக்குக் காவிரி கிடைத்தது!

தேவர்கள் பட்ட துன்பத்தைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். போரெல்லாம் முடிந்தபின் இந்திரன் மகன் சயந்தன் வியாழ பகவானிடம், "எங்களுக்கு ஏன் இந்தத் துன்பம் வந்தது?" என்று கேட்கிறான். சிவபெருமானை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியிலே நீங்கள் எல்லாரும் போய் அமர்ந்து அவியுணவு உண்டீர்களே, அதன் பயன் இது என்று குரு சொல்லுகிறார். அந்த விடையே தக்ஷ காண்டமாக விரிகிறது. சிவனை நோக்கி வேள்வி செய்த சூரன் அரசனானான். சிவனை விலக்கிய வேள்வியில் உண்டவர்கள் அவனுக்கு அடிமையானார்கள். நல்லவர், கெட்டவர் என்று நாம் கோடு கிழித்துப் பார்க்கிறோம். புராணம் அப்படிப் பார்ப்பதில்லை.

இனி முருகப்பெருமானுடைய அவதாரம். அதை முதல் நாளிலேயே விரிவாகக் கேட்டீர்கள். பரமசிவன் தம்முடைய ஐந்து முகங்களோடு அதோமுகமும் கொண்டு, ஆறு நெற்றிக்கண்களிலிருந்தும் வெளிப்படுத்திய ஆறு பொறிகளும் சரவணப் பொய்கையிலே ஆறு குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் பாலூட்டினர். அம்மை எடுத்து அணைக்க ஓருருவாயினான். "என் சத்தி" என்று அன்று சொன்னவர் தம்மிலிருந்தே தந்த உரு அது. கையில் தந்த வேலும் சத்தியே. பரமசிவன் வேல் கொடுத்தார் என்று புராணம் சொல்லுகிறது. சிக்கலிலே அன்னை வேல்நெடுங்கண்ணி கொடுக்க முருகன் வாங்குகிறான் என்று நாம் இன்றைக்கும் விழாக் கொண்டாடுகிறோம். சத்தியும் சிவமும் வேறல்லவாதலின் இரண்டும் ஒன்றே. இன்று ஐந்தாம் நாள்; சிக்கலில் இன்று வேல் வாங்கும் விழா.

வழியில் தாரகனும் கிரவுஞ்ச மலையும் வேலுக்கு இரையானபின், பெருமான் செந்திலம்பதியில் வந்து தங்கினான். தங்கியவன் உடனே படையெடுக்கவில்லை. வீரவாகு தேவரைத் தூது அனுப்பினான். கந்தமாதன மலையிலிருந்து எழுந்து கடல் கடந்த வீரவாகு, முதலில் சிறைக்குப் போய்ச் சயந்தனுக்கு ஆறுதல் சொல்லி, பிறகு சூரனுடைய அவையிலே நுழைந்தார். இருக்க இடம் கொடுப்பாரில்லை. முருகனருளால் ஓர் அரியணை தானே வந்து தோன்ற, அதில் வீற்றிருந்து செய்தியைச் சொன்னார். செய்தி மிகவும் சிறியது. தேவரைச் சிறையிலிருந்து விடு. அறநெறியில் நின்று வாழ்ந்திரு. அவ்வளவுதான். நாட்டைக் கொடு என்று கேட்கவில்லை. ஆயிரத்தெட்டு அண்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடக் கேட்கவில்லை.

பால் மணம் மாறாத பாலன் எனக்கு ஓலை விடுவதா என்று சூரன் நகைத்தான். அவன் இழக்கவேண்டியிருந்தது ஒரு சிறைச்சாலையின் திறவுகோல். அதைக் கொடுக்காமல் நாட்டையும் மக்களையும் கொடுத்தான். இது வியப்பாகத் தோன்றலாம். நம்முடைய வீடுகளிலே பாருங்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே ஒரு சாண் சுவர். அதற்காக இருபது ஆண்டு வழக்கு. "அந்தச் சுவரை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்து போகும்?" என்று கேட்டால், "சுவர் பெரிதில்லை ஐயா, நான் போய் அவனிடம் இறங்குவதா?" என்பார்கள். மகேந்திரபுரி தென்கடலில் மூழ்கிவிட்டது என்று சொல்லுகிறோம். அதன் தெருக்கள் சில நம்முடைய ஊர்களில் இன்னும் இருக்கின்றன.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலும் இல்லை. சிங்கமுகன் அவையிலே எழுந்து தமையனுக்கு அறிவுரை சொன்னான். நமக்கு வரம் தந்தவனுடைய திருமகன் அவன்; சிறை விடுவதே முறை என்றான். சூரன் அவனைக் கோழை என்று இகழ்ந்தான். சிங்கமுகன் அதற்குமேல் வாதாடவில்லை. உண்மை இதுவென்று தெரிந்தே தமையனுக்காகப் போர்க்களம் சென்று மாண்டான். பானுகோபன் போரில் தோற்று வந்தபின் தந்தையிடம் சிறைவிடும்படி கேட்டான். மகன் அச்சத்தால் பேசுகிறான் என்று தந்தை சினந்தான். "அச்சம் என்றா நினைத்தீர்கள்?" என்று அவனும் போய் மாண்டான். இன்னொரு மகன் இரணியனும் சொல்லிப் பார்த்தான். கேளாமற்போகவே, தந்தை இறப்பது உறுதி, நீர்க்கடன் செய்யவாவது ஒருவன் மிஞ்ச வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவம் கொண்டு கடலுக்குள் மறைந்திருந்தான். இந்த இரணியனை யாரும் பேசுவதில்லை. களத்தில் நின்று மாண்டவர்களைப் பாடுவோர் பலர். தகப்பனுக்கு ஒரு கை தண்ணீர் விடுவதற்காகப் பழியைச் சுமந்து கடலடியில் காத்துக் கிடந்தவனை நினைப்பார் இல்லை. கச்சியப்பர் நினைத்தார்.

இப்படித் தம்பியரும் மக்களும் மாண்டு, இறுதியில் சூரன் ஒருவனே பெருமான் எதிரே நின்றான். பறவையாய் வந்தான், பல பல உருவெடுத்து வந்தான். எல்லாம் அழிந்தன. அப்பொழுது பெருமான் ஒன்று செய்தான். இத்தனை போரிலும் செய்யாததைச் செய்தான். தன்னுடைய பேருருவைச் சூரனுக்குக் காட்டினான்.

அண்டங்கள் அனைத்தும், அவற்றிலுள்ள கடலும் மலையும் உயிர்களும், அயனும் மாலும், அவ்வுருவினிடத்தே அடங்கி நின்றன. சூரன் ஆண்ட ஆயிரத்தெட்டு அண்டமும் அதில் ஒரு மூலையிலே கிடந்தன. தேவர்களும் அதைக் கண்டு நடுங்கினார்கள். சூரனோ நடுங்கவில்லை. அவனுக்கு மெய்யுணர்வு வந்தது. இவனையா பாலன் என்று இகழ்ந்தோம் என்று எண்ணினான். எல்லார்க்கும் மூலமாகிய பொருள் இதுவே என்று தெளிந்தான். சுற்றி வலம்வர வேண்டும், கைகூப்ப வேண்டும், தலை தாழ்த்த வேண்டும், இவனுக்கு ஆளாகி நிற்க வேண்டும் என்று அவனுடைய உள்ளம் உருகியது. அன்பர்களே, அந்தச் சில கணம் சூரன் அடியார்களில் ஒருவன். காசிபர் அன்று விதைத்த விதை, இத்தனை யுகம் மண்ணுக்குள் கிடந்து, அப்பொழுதுதான் முளை காட்டியது.

பிறகு ஏன் அவன் வணங்கவில்லை?

மானம் தடுத்தது என்று புராணம் சொல்லுகிறது. கை கூப்ப விரும்பியது; மானம் கையைப் பிடித்தது. தலை வணங்க விரும்பியது. மானம் தலையை நிமிர்த்தியது. நூற்றெட்டு யுகம் யாருக்கும் வணங்காத தலை, இன்று எல்லாரும் பார்க்க வணங்குவதா என்ற நினைவு ஒன்று குறுக்கே நின்றது. பெருமான் பேருருவை மறைத்துப் பழைய வடிவோடு தேர்மேல் நின்றான். வடிவம் மறையவே அவனுடைய உணர்வும் மறைந்தது. பழைய சினம் வந்தது.

இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஏட்டை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பது வழக்கம். அறியாமையால் கெட்டவன் சூரன் என்று சொல்லிவிட முடியாது. அவன் கண்டான், அறிந்தான், உருகினான். கண்டும் அறிந்தும் உருகியும் போதவில்லை. ஆணவமலம் என்பது உயிரோடு செம்பிற் களிம்பு போல உடன்பிறந்தது என்று சைவசித்தாந்தம் கூறும். செம்பை எவ்வளவு அறிவோடு உற்று நோக்கினாலும் களிம்பு நீங்குமா? நீக்குகிற பொருளொன்று வந்து அதைத் தீண்ட வேண்டும். "என் சத்தியொன்றே உன்னை வெல்லும்" என்று பரமசிவன் சொன்னது இதனாலேதான். சூரன் தன்னால் வணங்க முடியாமற் போனான். அவனால் முடியாததைப் பெருமான் தானே செய்துவைக்கத் திருவுளம் கொண்டான்.

அதன்பின் சூரன் எடுத்த வடிவம் இருள். உலகமெல்லாம் மூடிய பேரிருள். ஆணவத்துக்கு இருள்மலம் என்றே நம்முடைய ஆசாரியர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். புறத்தே உள்ள இருள் பிற பொருள்களை மறைத்தாலும், 'நான் இருள்' என்று தன்னையாவது காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது. மற்ற வேடங்களையெல்லாம் களைந்துவிட்டுச் சூரன் தன் சொந்த வடிவத்தோடு வந்தது அப்போதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்பொழுது பெருமான் வேலை விடுத்தான். ஆயிரங்கோடித் தீ ஒன்றாய் எழுந்தாற்போல அது சென்றது. இருள் ஓடியது. ஓடியவன் நடுக்கடலில் மாமரமாகி, வானளாவக் கிளை பரப்பி நின்று உலகை அசைத்தான். சூர் மாமரமாய் நின்ற செய்தி கச்சியப்பருக்குப் பன்னூறு ஆண்டு முற்பட்ட திருமுருகாற்றுப்படையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அத்துணைப் பழமையான வரலாறு இது. வேல் மாவைப் பிளந்தது. சூரன் மீண்டும் தன் உருவோடு வாளேந்தி எழுந்தான். வேல் அவன் உடலையும் இரு கூறாக்கிற்று.

அப்பொழுதும் அவன் ஓயவில்லை. ஒரு கூறு சேவலாகவும் ஒரு கூறு மயிலாகவும் மாறி, சிறகை விரித்துக்கொண்டு பெருமானை எதிர்த்தே வந்தன. இங்கே பெருமான் வேலை எடுக்கவில்லை. திருக்கண்ணால் நோக்கினான். அருளோடு ஒரு பார்வை, அவ்வளவே. வந்த சேவல் கொடியாகி உயர்ந்தது. வந்த மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டு அருகே வந்து நின்றது. பெருமான் அதன்மேல் ஏறி அமர்ந்தான்.

சூரன் வணங்க மறுத்த திருவடி அவன் முதுகின்மேல் வந்து தங்கிற்று.

நேற்றுக் கேட்ட அம்மையார் முன்வரிசையில் தூணோரமாக அமர்ந்திருப்பதை நாம் பார்க்கிறோம். அம்மா, சூரனுக்கு என்ன கதி நேர்ந்ததென்று கேட்டீர்கள். மாலும் அயனும் தேடிய திருவடி அது. நாமெல்லாம் சந்நிதியிலே பத்தடி தள்ளி நின்று, முன்னால் நிற்பவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தரிசிக்கிற திருவடி. அதை என்றைக்கும் இறக்கிவைக்காமல் தாங்குகிற பேறு சூரனுக்குக் கிடைத்தது. தாரகனுக்கும் சிங்கமுகனுக்கும் வாய்க்காதது இது. ஆணவம் வேரோடு இல்லாமற் போவதில்லை, அதன் வலிமைதான் கெடுகிறது என்பது சித்தாந்தம். சூரன் இல்லாமற் போகவில்லை. அவனுடைய ஆற்றலெல்லாம் அப்படியே இருக்கிறது. சுமக்கிற ஆற்றலாய், கூவி எழுப்புகிற ஆற்றலாய் இருக்கிறது. இடையறாது போர் முழக்கம் செய்தவன் இப்போது வைகறையில் நம்மை எழுப்புகிறான்.

எனவே, பட்டினி கிடந்தவர்களுக்கு என்ன கதி என்ற கேள்விக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. பதினாயிரம் ஆண்டு தவத்தால் பெற்ற அரசு சூரனை விட்டுப் போய்விட்டது. தவத்தில் அவன் கேளாதது, பெருமான் தானாகக் கொடுத்தது, அதுதான் நிலைத்தது. நீங்கள் ஆறு நாள் விரதம் இருக்கும்போது இன்னது வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வைத்திருப்பீர்கள். வைத்திருங்கள், தவறில்லை. கேட்டதையும் அவன் தருவான். கேளாத ஒன்றையும் அதனோடு சேர்த்து வைத்திருக்கிறானா என்று சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை மாலை செந்தூர்க் கடற்கரையிலும், தமிழ் வழங்கும் ஊர்களிலுள்ள முருகன் கோயில்களிலும், ஈழநாட்டு யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் ஒருங்கே இந்தப் போர் நடக்கும். யாழ்ப்பாணத்தார் கந்தபுராணத்தைக் கோயில்தோறும் படித்துப் பயன் சொல்லி வளர்த்தவர்கள். அவர்களுக்கு இது வீட்டுக் கதை. நம்முடைய கோயில் வீதியிலும் யானைமுகமும் சிங்கமுகமும் சூரன் முகமும் மாறி மாறி வரும். குழந்தைகள் கைதட்டிக் கூச்சலிடுவார்கள், கூச்சலிடட்டும். ஆனால் சூரனைச் சுமந்து ஆட்டுகிற அன்பர்களை நாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவர்களும் நம்மைப் போலவே விரதம் இருப்பவர்கள். உச்சி வெயில் தொடங்கி அவனைத் தோளில் சுமந்துகொண்டு வீதியெங்கும் ஓடுவார்கள். தலை விழும்போது அவர்களே முதலில் "அரோகரா" என்பார்கள். சுமையைக் கீழே வைத்துவிட்டு, வியர்வையோடு வந்து பெருமான் திருமுன்னே விழுந்து வணங்குவார்கள். சூரனால் செய்ய முடியாததை அவனைச் சுமந்தவர்கள் செய்துவிடுகிறார்கள்.

போர் முடிந்ததும் வேல் கங்கையில் நீராடிப் பெருமான் திருக்கரத்துக்குத் திரும்பியது. சயந்தனும் தேவரும் சிறையிலிருந்து வெளிப்பட்டார்கள். கடலடியில் காத்திருந்த இரணியன் கரையேறித் தந்தைக்கும் சுற்றத்தாருக்கும் நீர்க்கடன் செய்தான். மறுநாள் திருப்பரங்குன்றம் நோக்கிப் புறப்பாடு, தேவயானையம்மை திருமணம். அதை நாளை மறுநாள் பார்ப்போம். நாளை சூரசம்ஹாரம் முடிந்து பெருமான் வீதியுலாக் கண்டு கோயிலுக்குள் எழுந்தருளும் வரையில் யாரும் கலைந்து போகாமல், மயில்மேல் அமர்ந்த திருக்கோலத்தைத் தரிசித்துவிட்டே வீட்டுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!